ஒரு சட்டிக் கோழி: நெகிரி செம்பிலானின் தேங்காய்ப்பால் சமையல்

கோழித் துண்டுகளையும் சாற்றையும் ஒரே பாத்திரத்தில் வேகவைத்து, இறுதியில் கொழுப்பு மிகுந்த ஒரு பாலைச் சேர்த்து, வழுவழுப்பான குழம்பாக இறக்கும் முறை உலகின் பல சமையல் மரபுகளில் காணப்படுகிறது. பிரெஞ்சு நாட்டின் பழைய ஃபிரிக்காசே வகையில், வெண்ணெயில் நிறம் ஏறாமல் வதக்கிய கோழியைச் சாற்றில் வேகவிட்டு, கிரீமும் முட்டையின் மஞ்சட்கருவும் சேர்த்துத் திரட்டுவர். மாட்டுப்பாலின் கொழுப்பு அங்கே செய்கிற வேலையை மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் தேங்காய்ப்பால் செய்கிறது. அம்மாநிலத்தின் அடையாள உணவாகிய மாசாக் லெமாக் சிலி அப்பி, அதாவது ஊசி மிளகாயும் பச்சை மஞ்சளும் அரைத்துச் சேர்த்துத் தேங்காய்ப்பாலில் காய்ச்சும் மஞ்சள் நிறக் குழம்பு, ஒரு சட்டிச் சமையலுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டைத் தேட வேண்டாத அளவுக்கு எளிமையானது.

இக்குழம்பு மினாங்கபாவ் மக்களுடையது. மேற்குச் சுமத்திராவிலிருந்து வந்து குடியேறிய இம்மக்கள் 1773-இல் ராஜா மெலேவாரைத் தங்கள் முதல் யாம்துவானாக, அதாவது ஆட்சித் தலைவராக, ஏற்றனர். தாய்வழி மரபைப் போற்றும் அவர்களுடைய அடாட் பெர்ப்பாத்தே வழக்கத்தைப் போலவே தேங்காய்ப்பாலும் மிளகாயும் மிகுந்த சமையலும் இந்த மண்ணில் நிலைத்தது. தமிழர் பெருந்தொகையாக இங்கு வந்தது அதற்கு நெடுங்காலத்திற்குப் பின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறி, சிரம்பான், போர்ட்டிக்சன், தம்பின், பகாவ் வட்டாரங்களின் காடுகள் பால்மரத் தோட்டங்களாக மாறியபோதுதான். கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் திரட்டிய அந்தப் பெயர்வு, 1938-இல் இந்திய அரசு, பயண உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர்களுக்குத் தடை விதித்தபோது ஓய்ந்தது. அதற்குள் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், தமிழ்க் குடும்பங்கள் நிலையாக வேர்விட்டிருந்தன. கம்பத்துச் சமையலும், அதாவது மலாய்க் கிராமத்துச் சமையலும், தோட்டத்துச் சமையலும் ஒரே தேங்காயை எடுத்து, ஏறக்குறைய எதிரெதிரான வரிசையில் கையாண்டன என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

தோட்டத்துத் தமிழ் வீட்டில் கோழிக்கறி எண்ணெயில் தொடங்குகிறது. பட்டை, கிராம்பு, சோம்பு, கறிவேப்பிலை பொரிந்து, வெங்காயமும் இஞ்சி பூண்டு விழுதும் வதங்கி, மசாலாத்தூள் பச்சை வாடை நீங்கிய பிறகே கோழி விழும். தேங்காய்ப்பால் கடைசியாக வரும். கறியின் மேல் எண்ணெய் பிரிந்து மிதப்பதே வெந்ததற்கு அடையாளம் என்று கற்ற கை அது. மினாங்கபாவ் முறையிலோ தாளிப்பே கிடையாது, எண்ணெயும் ஒரு துளி இல்லை. அரைத்த விழுது, கோழி, நீர்த்த பால் எல்லாம் குளிர்ந்த சட்டியில் ஒன்றாகப் போடப்பட்டு அதன் பிறகே அடுப்பேறுகின்றன. எண்ணெய் பிரிவது இங்கே பக்குவம் அன்று, பிழை. விழுதை முதலில் வதக்கிவிட்டுப் பால் ஊற்றுவதும் சுவையாகவே இருக்கும் என்பதில் ஐயமில்லை; ஆனால் அது வேறொரு கறி, நெகிரி செம்பிலான் குழம்பு அன்று.

இரண்டாவது முறையில் பால் திரியாமல் காப்பதே முழுக் கலையும் என்பதால், பால் ஏன் திரிகிறது என்பதை அறிந்துகொள்வது பயன்தரும். தேங்காய்ப்பால் என்பது நீருக்குள் நுண்ணிய எண்ணெய்த் துளிகள் பரவி நிற்கும் கலவை. இயல்பாக ஒட்டாத இரண்டையும் பிரியாமல் வைத்திருப்பது அத்துளிகளைச் சுற்றிப் படிந்துள்ள தேங்காய்ப் புரதமாகும், இத்தகைய கலவையை வேதியியலில் பால்மம் என்பர். சூடு ஏறத்தாழ 80 பாகை செல்சியசைத் தாண்டும்போது அப்புரதம் வடிவிழந்து திரளத் தொடங்க, காவலிழந்த எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மேலே மிதக்க, அடியில் நீர்த்த சாறும் நடுவே துருவல் போன்ற திரளும் எஞ்சுகின்றன. புளிப்பும் இதே வேலையை விரைவுபடுத்தும். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று: மரத்தில் கட்டிய மங்கு என்னும் கிண்ணத்தில் வடியும் ரப்பர்ப் பாலும் புரதப் படலத்தால் நீரில் பரவி நிற்கும் நுண்துகள்களின் கலவைதான், தொழிற்சாலைத் தொட்டியில் ஃபார்மிக் அமிலம் ஊற்றியதும் அது உறைந்து கட்டியாவதும், தோட்டத்திலேயே உறைந்துவிடாதிருக்க அம்மோனியா சேர்ப்பதும் அதே இயல்பின் இரு பக்கங்கள். மாட்டுப்பாலின் கேசின் என்னும் புரதம் கொதிநிலையைத் தாங்கும், கெட்டியான கிரீமில் கொழுப்பு மிகுந்து புரதம் குறைந்திருக்கிறது. ஆதலால் கிரீமைக் கொதிக்கவிட்டுப் பழகியவர் தேங்காய்ப்பாலையும் அப்படியே நடத்தினால் ஏமாற்றமே மிஞ்சும்.

நால்வருக்கு ஒரு கிலோ கோழி போதும். எலும்போடு கூடிய தொடைப்பகுதி நெஞ்சுக்கறியைவிட நல்லது, ஏனெனில் எலும்பும் தோலும் சாற்றுக்குத் தடிமன் தருவதோடு சில நிமிடம் கூடுதலாக வெந்தாலும் தொடைக்கறி வறண்டுபோவதில்லை. நன்கு முற்றிய தேங்காய் ஒன்றைத் துருவி, மிகக் குறைந்த நீரில் பிழிந்த முதற்பாலை ஒரு குவளை அளவு தனியே வைத்துவிட்டு, அதே சக்கையில் வெந்நீர் ஊற்றி இரண்டு குவளை இரண்டாம் பால் எடுக்க வேண்டும். ஊசி மிளகாய் பத்தும், இரண்டு விரற்கடை பச்சை மஞ்சளும் அம்மியிலோ உரலிலோ நைய அரைபட வேண்டும். மினாங்கபாவ் வீடுகளில் பத்து என்பது குழந்தைகளுக்கான கணக்கு, ஆனால் புதிதாகச் சமைப்பவர் அங்கிருந்து தொடங்குவதே நலம். மஞ்சள்தூளைப் போட்டால் நிறம் வரும், பச்சை மஞ்சளின் மண்மணம் வராது.

அரைத்த விழுது, நசுக்கிய எலுமிச்சைப் புல் இரண்டு தண்டு, கோழி, நான்காக வெட்டிய இரண்டு உருளைக்கிழங்கு, உப்பு, இரண்டாம் பால் ஆகியவற்றை ஒன்றாகச் சட்டியில் இட்டு நடுத்தரத் தீயில் ஏற்றுவது முதற்கட்டம். நீர்த்த பாலில் புரதமும் கொழுப்பும் குறைவு என்பதால் இது சற்றுத் திரிந்தாலும் கேடில்லை. கோழி வேகவேண்டிய வேலை முழுவதும் இந்தப் பாலிலேயே முடிந்துவிட வேண்டும் என்பதுதான் பால் இரண்டாகப் பிரிக்கப்படுவதன் காரணம். பிராய்லர் கோழி 25 நிமிடத்தில் வேகும், கம்பத்துக் கோழிக்கு ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகலாம், அதற்கேற்ப வெந்நீர் சேர்த்துக்கொள்ள வேண்டும். துண்டின் உட்பகுதி 74 பாகை செல்சியசை எட்டினால் பாதுகாப்பாக வெந்துவிட்டது எனக் கொள்ளலாம். உருளைக்கிழங்கிலிருந்து கரையும் மாப்பொருள் குழம்பைத் தடிமனாக்குவதோடு, பின்னர் வரும் முதற்பால் எளிதில் பிரியாமல் தாங்கியும் பிடிக்கிறது.

புளிப்புக்குப் புளியைக் கரைத்து ஊற்றுவது தமிழ்க் கையின் பழக்கம், இங்கே அது பொருந்தாது. கொடம்புளிக்கு இனமான ஒரு பழத்தைச் சீவி வெயிலில் உலர்த்திய அசாம் கெப்பிங் துண்டு ஒன்றோ இரண்டோ கோழி வெந்துவரும் வேளையில் போடப்படும். அது புளிப்பை மெல்ல மெல்ல விடுவதால் பால்மம் திடீரெனக் கலைவதில்லை. போதிய புளிப்பு ஏறியதும் அதை எடுத்துவிடலாம்.

பிறகு தீயைத் தணித்து, ஒரு நிமிடம் விட்டு, முதற்பாலை ஊற்றிக் கிளறியபடியே இருக்க வேண்டும். கிளறுவது சூட்டைச் சட்டியெங்கும் பரவச்செய்து, அடியில் மட்டும் கொதி ஏறுவதைத் தடுக்கிறது. ஓரத்தில் முதல் குமிழி தோன்றியதும், கீறி முடிந்த மஞ்சள் இலையைப் போட்டு, அடுப்பை நிறுத்திவிடலாம். பால்மர விறகில் சமைத்த காலத்தில் தீயைக் குறைக்கக் குமிழ் கிடையாது. கொள்ளியை வெளியே இழுத்துத் தணலில் மட்டும் பாத்திரத்தை வைப்பதுதான் வழி, கொள்ளியைப் பிடுங்கினால் கொதி அடங்கும் என்னும் பழமொழி அடுப்படியில் அப்படியே செயல்பட்டது. எரிவாயு அடுப்பு வந்த பிறகு இந்த நிதானம் எளிதாகியிருக்க வேண்டும். ஆனால் பெருந்தீயில் அவசரமாக முடிக்கும் பழக்கமும் அதோடு சேர்ந்தே வந்துவிட்டது.

கடையில் பெட்டியிலடைத்து விற்கும் சந்தான், அதாவது தேங்காய்ப்பால், பெரும்பாலும் பிரியாமலிருக்கச் சில பொருள்கள் சேர்க்கப்பட்டது. தவறு செய்தாலும் மன்னிக்கும், மணத்தில் மட்டும் கஞ்சத்தனம் காட்டும். சந்தைகளில் துருவி இயந்திரத்தில் பிழிந்து பையில் ஊற்றித் தருவதே பெட்டிப் பாலுக்கும் வீட்டில் பிழியும் பாலுக்கும் நடுவழி, அதை அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். பாத்திரத்தைப் பொறுத்தவரை குவாலி எனப்படும் இரும்பு வாணலி பொரியலுக்கு ஏற்றது, புளிப்புள்ள பால் குழம்பை அது கறுக்கச் செய்துவிடும். அடி தடித்த எவர்சில்வர்ச் சட்டியோ மண்சட்டியோ தகும்.

வெப்ப நாட்டில் தேங்காய்ப்பால் சேர்ந்த குழம்பு சில மணி நேரத்திலேயே புளித்துவிடும் என்பதால், குளிர்ப்பெட்டி இல்லாத லயத்து வீடுகளில் இத்தகைய கறி அன்றிரவே தீர்ந்தாக வேண்டியிருந்தது. இன்று மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைத்து, மறுநாள் தேவையான அளவை மட்டும் எடுத்துச் சிறுதீயில் ஆவி பறக்கச் சூடாக்கலாம். அப்போது சிறிது எண்ணெய் பிரிந்து மிதந்தால், சோற்றோடு பிசைந்து உண்பவருக்கு அது ஒரு குறையாகவே தோன்றாது.