கரண்ட் போன காலமும் செக்டர் போகும் காலமும்

2000-ஆம் ஆண்டு வாக்கில் லினக்ஸ் கணினி வைத்திருந்தவருக்கு மின்வெட்டு என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். அப்போது புழக்கத்தில் இருந்தது எக்ஸ்ட்2 கோப்பு முறைமை. கரண்ட் போய்த் திரும்பியதும், டிஸ்க் ஒழுங்காக அன்மவுண்ட் ஆகவில்லை, சோதித்தே தீருவேன் என்று திரையில் அடம்பிடிக்கும். கோப்பு முறைமையைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே நிரல் ஓட ஆரம்பிக்கும். எந்த வேலை பாதியில் நின்றது என்ற குறிப்பு எக்ஸ்ட்2-விடம் கிடையாது. அதனால் டிஸ்க்கில் உள்ள ஐநோடு (ஒவ்வொரு கோப்பின் விவரக் குறிப்பு) அத்தனையையும் ஐந்து கட்டமாகச் சரிபார்த்தாக வேண்டும். நிதானமாக டீ குடித்துவிட்டு வரலாம்.

கோளாறு பெரிதென்றால் பாதியில் நின்று ரூட் பாஸ்வேர்டு கேட்கும். பிறகு நாமே ஓட்ட வேண்டியதுதான். ‘இந்த ஐநோடைத் துடைக்கவா?’, ‘சரிசெய்யவா?’ என்று கேள்வி மேல் கேள்வி. விடை யாருக்குத் தெரியும்? ஆளாளுக்கு ‘ஒய்’ விசையை அழுத்திக்கொண்டே இருந்தோம். விவரமானவர்கள் முதலிலேயே ‘மைனஸ் ஒய்’ சேர்த்து ஓட்டுவார்கள், இரண்டும் ஒன்றுதான். முடிந்தபின் ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ அடைவைத் திறந்தால், # குறியும் ஓர் எண்ணும் மட்டுமே பெயராகக் கொண்ட கோப்புகள் கிடக்கும். எது கல்யாண போட்டோ, எது கடைக் கணக்கு என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

2001 நவம்பரில் 2.4.15 கெர்னலோடு எக்ஸ்ட்3 சேர்ந்தது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஜர்னலில் எழுதிவிட்டுப் பிறகு செய்யும் ஏற்பாடு. கரண்ட் போனாலும் ஜர்னலை ஒருமுறை ஓட்டினால் சில நொடியில் தீர்ந்தது. 180 நாளுக்கு ஒருமுறை வந்த கட்டாயச் சோதனையும் (அவசரமான நாளாகப் பார்த்துத்தான் வரும்) பின்னாளில் நின்றுபோனது. எக்ஸ்ட்4 காலத்தில் எஃப்எஸ்சிகே என்ற பெயரையே கேள்விப்படாமல் பலர் லினக்ஸ் ஓட்டுகிறார்கள்.

இன்று வரும் ஆபத்து பெரும்பாலும் டிஸ்க்கிலேயே இருக்கிறது. அதற்கு எஃப்எஸ்சிகே மருந்தல்ல. சாகக் கிடக்கிற டிஸ்க்கில் அதை ஓட்டினால், மீட்கக்கூடியதும் போய்விடலாம். ஹார்டு டிஸ்க் தன் கோளாறுகளைத் தானே குறித்துக்கொள்ளும் வசதி ஸ்மார்ட். ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கட்டளையை ‘மைனஸ் ஏ’ சேர்த்து ஓட்டினால் அந்தப் பட்டியல் வரும். 5-ஆம் எண் வரி, கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட செக்டர்களைக் காட்டும். 197, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவற்றை. மேலே ‘பாஸ்டு’ என்று இருப்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். 197-இல் எண் ஏறிக்கிடக்கும்போதும் அந்த ‘பாஸ்டு’ வரும்.

2007-இல் கூகுள் தன் டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கைப்படி, முதல் ஸ்கேன் பிழை (டிஸ்க் தன் பரப்பைத் தானே சோதிக்கையில் காணும் பிழை) தென்பட்ட டிஸ்க் அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைப்போல் 39 மடங்கு. அதே அறிக்கையில், பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களில் எதுவும் ஏறாமலேயே போயிருக்கின்றன. எஸ்எஸ்டி என்றால் கடகட சத்தம்கூட இருக்காது. நேற்றுவரை ஓடியது இன்று பயாஸிலேயே தெரியாமல் போகும்.

ஆகவே 197-இல் பூஜ்யம் இல்லையென்றால் பழுதுபார்க்க உட்காராதீர்கள். டிஸ்க்கை அன்மவுண்ட் செய்து, குனூ டிடிரெஸ்க்யூ கொண்டு வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்டதிடம் கடைசியில்தான் அது போகும். எஃப்எஸ்சிகே ஓட்டுவதானால் அந்தப் பிரதியில் ஓட்டுங்கள்.