பூட்டிய கதவுக்குப் பின்னால் எம்எச் 124

கெப்பாலா பத்தாஸ் வயல் வரப்பில் நின்று அண்ணாந்து பாருங்கள். மலேசிய விமானப்படையின் குட்டி விமானங்கள் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். பிசி-7 மார்க் 2 ரகம். அலோர் ஸ்டார் பயிற்சித் தளத்தின் இளம் விமானிகள் கை பழகுவது அவற்றில்தான். அருகிலேயே சுல்தான் அப்துல் ஹலிம் விமான நிலையம். அங்கே கோலாலம்பூர் விமானத்தில் ஏறும்போது விமானி அறையை ஒரு தடவையாவது எட்டிப் பார்க்கத் துடிக்காதவர் யார்? அந்தக் கதவை இன்று திறந்துவிடுவோம். அதுவும், தன் வேகம் என்னவென்று விமானத்துக்கே தெரியாமல் போன ஒரு நாளில்!

2005 ஆகஸ்ட் 1, மாலை ஐந்து மணி. பெர்த்திலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பிய மலேசிய ஏர்லைன்ஸின் (மாஸ்) எம்எச் 124, போயிங் 777. 38,000 அடியைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கிறது. திடீரென்று திரையில் ‘வேகம் குறைவு’ என்ற எச்சரிக்கை. இன்னொரு திரையில் வேகமானியைப் பார்த்தால், வேகம் மிதமிஞ்சிவிட்டது, வேகம் போதவில்லை என்று இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது! எதை நம்புவது? யோசிப்பதற்குள் விமானம் தானாகவே மூக்கைத் தூக்கிக்கொண்டு சுமார் 41,000 அடிக்கு எகிறுகிறது. மணிக்கு 270 கடல் மைலாக இருந்த வேகம் 158க்குச் சரிகிறது. விமானியின் கையிலிருக்கும் கட்டுப்பாட்டுத் தண்டு கிடுகிடுவென்று ஆடத் தொடங்குகிறது. இறக்கைகள் காற்றில் தாங்கலை இழக்கப் போகின்றன என்பதைக் கையிலேயே உணர்த்தும் அதிர்வு அது.

கேப்டன் தானியங்கி ஓட்டியைத் துண்டித்து மூக்கைத் தாழ்த்தினார். உடனே தானியங்கி விசை இன்ஜின்களை முடுக்கியது. அவர் விசைக் கம்பிகளைக் கையால் பின்னுக்கு இழுத்தார். விமானம் மறுபடி மூக்கைத் தூக்கி இன்னும் 2,000 அடி ஏறியது. என்ன ஒரு மல்லுக்கட்டு! எனக்குப் புல்லரித்த இடம் அடுத்தது. உயரத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை என்று தரைக் கட்டுப்பாட்டுக்குச் சொல்லி, கீழே இறங்க அனுமதியும் ராடார் உதவியும் கேட்டார்கள். தங்கள் திரை சொல்லும் வேகமும் உயரமும் சரியா என்று தரையிலிருப்பவரிடம் ஒத்துப் பார்த்தார்கள். 20,000 அடியில் திரை தெளிந்ததுபோல் தெரிய, தானியங்கி ஓட்டியை மீண்டும் போட்டுப் பார்த்தார்கள். கேட்காமலே விமானம் சாய்ந்தது. அணைத்துவிட்டு, கையாலேயே ஓட்டிப் பெர்த்தில் இறக்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை.

இத்தனைக்கும் காரணம் ஒரு பெட்டி. விமானத்தின் வேகம், சாய்வு, முடுக்கம் எல்லாவற்றையும் கணக்கிட்டுக் கட்டுப்பாட்டுக் கணினிகளுக்குச் சொல்லும் கருவி. அதற்குள் முடுக்கமானிகள் ஆறு. ஐந்தாவது 2001 ஜூனிலேயே பழுதாகிவிட்டது. ஒன்று போனாலும் மற்றவை தாங்கும்படி வடிவமைத்ததால், அதைக் கழித்துவிட்டுப் பெட்டி தன் பாட்டுக்கு வேலை செய்தது. எம்எச் 124 தடுமாறிய அன்றைக்கு ஆறாவதும் போனது. மென்பொருளில் பதுங்கியிருந்த ஒரு குறை, நான்காண்டுகளுக்கு முன்பே ஒதுக்கிவைத்த ஐந்தாவதின் பொய்க் கணக்கை மீண்டும் உள்ளே விட்டுவிட்டது. 777இல் விமானியின் கைக்கும் இறக்கைக்கும் நடுவே இருப்பது கணினி. பொய் அதன் வழியாக வால் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்தது. விசாரணை முடியும் வரைகூட யாரும் காத்திருக்கவில்லை. அதே ஆகஸ்ட் மாதமே அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 777களின் மென்பொருளை மாற்றச் சொல்லி அவசர ஆணை பிறப்பித்தது.

வாரியத்தின் அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தலைக்கு மேல் பிசி-7 போனால் வாசலுக்கு ஓடிவரும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அதை எடுத்துக் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் படியுங்கள்.