கடல் மீன்களின் நிறமாற்றம்: எது இயல்பு, எது நோய்?

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரின் தென்மேற்கே அமைந்துள்ள சுகர் லேண்டிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வசிக்கின்றன. வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்போர், கோடை விடுமுறைக்குத் தாயகம் செல்லும்போது தொட்டியை நண்பர்களிடம் ஒப்படைத்துச் செல்ல நேரிடுகிறது. "மீன் வெளிறிப்போய்க் கிடக்கிறது, மருந்து ஊற்றலாமா?" என்று அந்த நண்பர் இரவில் தொலைபேசியில் கேட்டால், என்ன பதில் சொல்வது?

தவறான பதிலின் விலை அதிகம். கடல் மீன்களின் ஒட்டுண்ணி நோய்களுக்குப் பரவலாகப் பயன்படுத்தப்படும் தாமிர மருந்து, அதே தொட்டியில் உள்ள பவளங்களையும் இறால்களையும் கொன்றுவிடக்கூடியது. மறுபுறம், உண்மையான நோயைக் கவனிக்காமல் விட்டால் சில நாட்களில் தொட்டியில் உள்ள எல்லா மீன்களும் மடிந்துவிடக்கூடும்.

நிறம் ஏன் மாறுகிறது?

மீன்களின் தோலில் நிறமிகளைக் கொண்ட சிறப்பு உயிரணுக்கள் உள்ளன. இவற்றுக்குள் நிறமித் துகள்கள் பரவும்போது நிறம் அடர்த்தியாகவும், ஓரிடத்தில் குவியும்போது வெளிறியும் தோன்றுகிறது. நரம்புகளும் ஹார்மோன்களும் இதைக் கட்டுப்படுத்துவதால், அச்சம், உறக்கம், சண்டை போன்ற காரணங்களால் சில நிமிடங்களிலேயே நிறம் மாறிவிட முடியும்.

மஞ்சள் டாங் எனப்படும் மீனின் பளிச்சென்ற நிறம் இரவில் மங்கி, அதன் பக்கவாட்டில் வெண்பட்டை ஒன்று தோன்றும். ஃபாக்ஸ்ஃபேஸ் என்ற மஞ்சள் நிற மீன், உறங்கும்போதும் அஞ்சும்போதும் பழுப்புத் திட்டுகளோடு காணப்படும். விளக்கு எரியத் தொடங்கிய சிறிது நேரத்தில் இவை பழைய நிறத்துக்குத் திரும்புகின்றன. எனவே இரவில் கண்ட வெளிறலை வைத்து மட்டும் முடிவுக்கு வருவது சரியல்ல.

வேறு சில மாற்றங்கள் மெதுவாகவும் நிரந்தரமாகவும் நிகழ்பவை. இந்தியா மற்றும் இலங்கைக் கடல்களிலும் காணப்படும் எம்பெரர் ஏஞ்சல் மீனின் குஞ்சுகள் கருநீல உடலில் வெள்ளை வளையங்களோடு இருக்கும்; வளர்ந்தபின் மஞ்சளும் நீலமுமான கோடுகளைப் பெறும். டெக்சஸ் கரையை அடுத்துள்ள மெக்சிகோ வளைகுடாவின் பவளத்திட்டுகளில் வாழும் அட்லாண்டிக் நீல டாங், குஞ்சுப் பருவத்தில் முழு மஞ்சளாக இருந்து பின்னர் நீலமாகிறது. ஆந்தியாஸ் போன்ற மீன்களில் பெண் மீன் ஆணாக மாறும்போது நிறமும் மாறுகிறது.

உணவும் ஒரு காரணமே. சிவப்பு, மஞ்சள் நிறங்களுக்கு அடிப்படையான கரோட்டினாய்டு நிறமிகளை மீன்களால் தாமாக உருவாக்க இயலாது. அவை உணவில் குறைந்தால், வாரக்கணக்கில் நிறம் சிறிது சிறிதாக மங்கும்.

நோயின் அடையாளங்கள்

இயல்பான நிறமாற்றம் பொதுவாக உடலின் இருபுறமும் ஒரே சீராக அமையும். தோலின் மேற்பரப்பு வழவழப்பாகவே இருக்கும். நோயிலோ, புள்ளி, படலம், புண், தோல் உரிதல் ஆகியவை ஒழுங்கற்று, தோலின் மீது துருத்திக்கொண்டு தெரிகின்றன.

உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளிகள், கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணியின் அடையாளமாக இருக்கலாம். இப்புள்ளிகள் சில நாட்களில் மறைந்துவிடுவதைக் கண்டு நோய் தீர்ந்ததாகப் பலரும் எண்ணிவிடுகின்றனர். ஆனால் ஒட்டுண்ணி மீனை விட்டு நீங்கி, தொட்டியின் அடியில் கூடு கட்டிப் பெருகி, பன்மடங்காகத் திரும்பி வருகிறது.

பொன்தூள் தூவியது போன்ற மிக நுண்ணிய படலம், அமைலூடினியம் என்ற மேலும் கொடிய ஒட்டுண்ணியைக் குறிக்கக்கூடும். இது முதலில் செவுள்களைத் தாக்குவதால், தோலில் எதுவும் தெரியும் முன்னரே மீன் மூச்சுத் திணறத் தொடங்கிவிடும். கோமாளி மீன்களின் உடலில் சளி தடித்து உரிந்தால், அது புரூக்கினெல்லா நோயாக இருக்கலாம். துடுப்புகளில் காலிஃபிளவர் போன்று தோன்றும் வெண்கட்டிகளோ பெரும்பாலும் லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸால் வருபவை. இதற்கு மருந்து இல்லை என்றாலும், பெரும்பாலான மீன்களில் இது தானாகவே நீங்கிவிடுகிறது.

ஆகவே நிறத்தைவிட நடத்தையே நம்பத்தகுந்த சான்றாகும். வேகமாக மூச்சு விடுதல், உணவை மறுத்தல், பாறையில் உடலைத் தேய்த்தல், நீரோட்டம் வரும் இடத்திலேயே ஒதுங்கி நிற்றல் ஆகியவற்றில் ஒன்று நிறமாற்றத்தோடு சேர்ந்து தென்பட்டால், அதை நோயாகவே கருத வேண்டும்.

மின்வெட்டுக்குப் பின்

டெக்சஸ் வாசிகளுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்றும் உண்டு. 2021 பிப்ரவரியின் கடுங்குளிரில் மாநிலம் எங்கும் மின்சாரம் தடைப்பட்டது. 2024 ஜூலையில் பெரில் சூறாவளி தாக்கியபோது, ஹூஸ்டன் பகுதியில் 20 லட்சத்துக்கும் அதிகமான மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. நீரிறைப்பான் நின்றால் நீரில் ஆக்சிஜன் குறைகிறது. கோடையில் நீர் சூடாவதால் அது மேலும் குறைகிறது. அவ்வேளையில் எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் வெளிறி, மேற்பரப்புக்கு வந்து மூச்சு வாங்கினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது நீரையே. நீரை அசைத்துக் காற்றூட்டுவதும், வெப்பநிலை, உப்பின் அளவு, அம்மோனியா ஆகியவற்றைச் சோதிப்பதுமே முதல் வேலை. எனினும், இத்தகைய அயர்ச்சிக்குப் பின் நோய் தொற்றும் வாய்ப்பு அதிகம் என்பதால், அடுத்த சில வாரங்கள் கவனம் தேவை.

அப்படியானால், இரவில் அழைக்கும் நண்பருக்குச் சொல்ல வேண்டியது என்ன? மீன் மூச்சுத் திணறவில்லை என்றால், காலையில் விளக்கு எரிந்து ஒரு மணி நேரம் கழித்து, நீல விளக்கில் அல்லாமல் வெள்ளை வெளிச்சத்தில் மீண்டும் பார்க்கச் சொல்லலாம். செவுள் அசைவை ஒரு நிமிடம் எண்ணி, அதே இனத்தைச் சேர்ந்த மற்ற மீனோடு ஒப்பிடலாம். ஒட்டியிருப்பது மணலா, காற்றுக்குமிழியா என்று கவனிக்கலாம். மீன் நலமாக இருக்கும்போதே பகலிலும் இரவிலும் படம் எடுத்து வைத்திருந்தால் ஒப்பிடுவது எளிது.

நோய் என்று உறுதியானால், மீன்களைத் தனித்தொட்டிக்கு மாற்றியே மருந்திட வேண்டும். முதன்மைத் தொட்டியையும் பல வாரங்கள் மீன்களின்றி விட்டுவைக்க வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இந்த ஒட்டுண்ணிகளைத் தீர்ப்பதில்லை. மனித மருத்துவத்திலும் முக்கியமான இவ்வகை மருந்துகளை விலங்குகளுக்கு வாங்க, அமெரிக்காவில் 2023 ஜூன் முதல் கால்நடை மருத்துவரின் சீட்டு தேவைப்படுகிறது என்பதும் குறிப்பிடத்தக்கது.