ஒரு கணினி, இரண்டு இயங்குதளம்: 'ஃபார்மேட்' போடும் முன் கொஞ்சம் நில்லுங்கள்!

தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அப்போது கொடுக்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 இருந்தது. அதோடு, சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அன்று விழுப்புரம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பகுதி மாணவர்களும், கல்வராயன் மலைக் கிராமங்களின் மாணவர்களும் இந்தத் திட்டத்தில் வந்தவர்களே. பல வீடுகளில் அதுதான் முதல் கணினி.

கணினியைத் திறந்ததும் "எது வேண்டும்?" என்று கேட்கும் அந்தப் பட்டியல் பலருக்குப் புரியாத புதிராகவே இருந்தது. ஒருநாள் அது வராமல் போகும், அல்லது கறுப்புத் திரையில் ஏதோ ஆங்கில வரி நிற்கும். உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு போவோம். "ஃபார்மேட் போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். கணினி சரியாகும். ஆனால் அதிலிருந்த ப்ராஜெக்ட், சான்றிதழ் நகல்கள், குடும்பப் படங்கள் எல்லாம் போய்விடும்.

இதில் முதலில் மனத்தில் பதிய வேண்டியது ஒன்றுதான். கணினி 'பூட்' ஆகவில்லை என்பது வேறு, கோப்புகள் அழிந்துவிட்டன என்பது வேறு. இரண்டு இயங்குதளம் உள்ள கணினியில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை வாசற்கதவில் வருபவை. வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

எப்படி இயங்குகிறது?

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் இருக்கும் சிறு மென்பொருள். பழைய கணினிகளில் அதன் பெயர் பயாஸ், புதியவற்றில் யூஇஎஃப்ஐ. அது வன்தட்டில் உள்ள 'பூட் லோடர்' என்ற வாயிற்காவலரை எழுப்பும். விண்டோஸுக்கு 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்றும், லினக்ஸுக்கு 'க்ரப்' என்றும் தனித்தனிக் காவலர்கள் உண்டு. இரண்டு இயங்குதளங்களும் இருந்தால் வழக்கமாக க்ரப் முன்னால் நின்று, யாரை உள்ளே விடுவது என்று உங்களிடம் கேட்கும்.

இரண்டு இயங்குதளங்களும் வன்தட்டின் தனித்தனிப் பார்ட்டிஷன்களில் இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும் என்பதால் கணினியின் வேகம் குறையாது.

இப்போது இது ஏன் தேவை?

விண்டோஸ் 7க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14இல் நிறுத்தியது. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 உள்ளிட்ட வசதிகள் கட்டாயம் என்பதால் பழைய மடிக்கணினிகள் அதற்குத் தகுதி பெறுவதில்லை. கள்ள நகல் விண்டோஸ் போட்டு ஓட்டுவது சட்டப்படியும் சரியல்ல, பாதுகாப்பும் அல்ல. லினக்ஸோ இலவசம், அதை நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பதற்கும் உரிமை உண்டு. டேலி போன்ற மென்பொருளுக்காக விண்டோஸை வைத்துக்கொண்டு, இணையத்துக்கும் படிப்புக்கும் லினக்ஸைப் பயன்படுத்தினால் பழைய கணினி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

தொடங்கும் முன்

1. முக்கியமான கோப்புகளை வேறொரு வன்தட்டிலோ பென்டிரைவிலோ நகலெடுங்கள். எடுத்த நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

2. விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் வன்தட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அந்தப் பூட்டின் பெயர் பிட்லாக்கர். அதன் 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைத் தாளில் எழுதி வையுங்கள். பூட் அமைப்பை மாற்றினால் கணினி அந்தச் சாவியைக் கேட்கலாம். சாவி இல்லாவிட்டால் கோப்புகளை மீட்க வழியில்லை.

3. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை நிறுத்துங்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் இது இருக்கும்.

4. லினக்ஸ் கோப்பு 3 முதல் 6 ஜிபி வரை இருக்கும். கல்வராயன் மலையில் சிக்னல் கிடைக்காத ஊர்க்காரர்கள், கள்ளக்குறிச்சிக்கு வரும்போதே பதிவிறக்கி, ரூஃபஸ் போன்ற மென்பொருளால் 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி எடுத்துச் செல்வது நல்லது.

5. மழைக்காலத்தில் மலையில் எப்போது கரண்ட் போகும் என்று சொல்ல முடியாது. பார்ட்டிஷனை மாற்றும்போது கணினி அணைந்தால் கோப்புகளுக்கே ஆபத்து. பேட்டரி நன்றாக இருந்து, முழு சார்ஜும் ஏறியிருந்தால் மட்டும் தொடங்குங்கள். பேட்டரி செத்த மடிக்கணினி என்றால் யுபிஎஸ் உள்ள இடத்தில் செய்யுங்கள்.

நிறுவும் முறை

விண்டோஸ் முதலில், லினக்ஸ் பிறகு என்பதே சரியான வரிசை. பின்னால் வரும் விண்டோஸ் க்ரப்பைத் தள்ளிவிட்டுத் தன் காவலரையே நிறுத்திக்கொள்ளும். லினக்ஸ் அப்படிச் செய்யாது. ஏற்கெனவே இருக்கும் விண்டோஸையும் பொதுவாகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும்.

விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டில் சி டிரைவைச் சுருக்கி, குறைந்தது 30 ஜிபி காலி இடம் விடுங்கள். அந்த இடத்தில் புதிய டிரைவ் எதையும் உருவாக்க வேண்டாம். பிறகு பென்டிரைவிலிருந்து கணினியைத் திறங்கள். பெரும்பாலான கணினிகளில் இதற்கு எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையை அழுத்த வேண்டும்.

உடனே நிறுவிவிடாதீர்கள். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்க வழி தருகின்றன. வைஃபை, ஒலி, தமிழ்த் தட்டச்சு எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். 2 ஜிபி நினைவகம் மட்டுமே உள்ள பழைய கணினிக்கு லுபுண்டு, மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போன்ற எடை குறைந்தவை ஏற்றவை.

நிறுவும்போது 'இன்ஸ்டால் அலாங்சைடு விண்டோஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'இரேஸ் டிஸ்க்' என்பது வன்தட்டு முழுவதையும் துடைத்துவிடும். அதன் பக்கமே போகாதீர்கள். முதல் விருப்பம் திரையில் வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு வெளியேறுங்கள். விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருக்க, பென்டிரைவ் பழைய முறையில் திறந்திருக்கலாம். அல்லது, பழைய எம்பிஆர் முறை வன்தட்டில் பிரைமரி பார்ட்டிஷன்கள் 4 மட்டுமே இருக்க முடியும் என்பதால் இடமில்லாமல் போயிருக்கலாம். காரணம் தெரிந்த பிறகு தொடருங்கள்.

சிக்கல்களும் தீர்வுகளும்

நேராக விண்டோஸுக்கே போகிறது: விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு இப்படி ஆவதுண்டு. லினக்ஸ் அழிந்துவிடவில்லை, வரிசைதான் மாறியிருக்கிறது. யூஇஎஃப்ஐ அமைப்புக்குள் போய், பூட் வரிசையில் உபுண்டு அல்லது நீங்கள் நிறுவிய லினக்ஸின் பெயரை மேலே கொண்டுவந்தால் போதும்.

பட்டியலில் விண்டோஸ் இல்லை: 2021இல் வந்த க்ரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் 'ஓஎஸ் ப்ரோபர்' வசதி இயல்பாக நிறுத்தப்பட்டிருக்கிறது. க்ரப்பின் அமைப்புக் கோப்பில் அதை இயக்கிவிட்டு, க்ரப்பைப் புதுப்பித்தால் விண்டோஸ் திரும்பி வரும்.

கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது: மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கும். நமக்கும் உலகப் பொது நேரத்துக்கும் இடைவெளி 5 மணி 30 நிமிடம். தொழுகை நேரம் காட்டும் மென்பொருளும் இதனால் தவறாகக் காட்டும், சில இணையதளங்கள் திறக்கவும் மறுக்கும். லினக்ஸில் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளை மூலம் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் சரியாகும். நேரத்தோடு தேதியும் பல ஆண்டுகள் பின்னால் போனால் அது வேறு சிக்கல்: மதர்போர்டின் சிறு பேட்டரி தீர்ந்திருக்கும்.

விண்டோஸ் டிரைவில் எழுத முடியவில்லை: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை, அரைத் தூக்கத்தில் இருக்கும். அந்த நேரத்தில் லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும். இது உங்கள் கோப்புகளைக் காக்கும் ஏற்பாடுதான். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிட்டு விண்டோஸை முறையாக அணையுங்கள்.

'எஸ்பாட்' பிழை: 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட் ஒன்று, உலகெங்கும் இரட்டை இயங்குதளக் கணினிகள் பலவற்றில் லினக்ஸைத் திறக்கவிடாமல் செய்தது. 2025 மே மாத அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்தது. இன்றும் அந்தப் பிழை வந்தால் 'செக்யூர் பூட்'டைத் தற்காலிகமாக நிறுத்தி லினக்ஸைத் திறந்து, அதைப் புதுப்பித்துவிட்டு மறுபடி இயக்கலாம். பிட்லாக்கர் சாவி கையில் இருக்கட்டும்.

'க்ரப் ரெஸ்க்யூ' என்று நிற்கிறது: லினக்ஸ் வேண்டாம் என்று விண்டோஸிலிருந்து அதன் பார்ட்டிஷனை அழித்தவர்களுக்குப் பெரும்பாலும் இது வரும். புதிய கணினியில் பூட் பட்டியலைத் திறந்து 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய கணினியில் விண்டோஸ் பென்டிரைவைச் செருகி, 'ரிப்பேர்' பகுதியில் பூட் பதிவைச் சரிசெய்ய வேண்டும். இரண்டுக்குமே ஃபார்மேட் தேவையில்லை.

கடைக்குக் கொடுக்கும் முன்

எதுவும் சரிவரவில்லை என்றாலும், லினக்ஸ் பென்டிரைவிலிருந்து கணினியைத் திறந்தால் வன்தட்டில் உள்ள கோப்புகளைப் பெரும்பாலும் பார்க்க முடியும். அவற்றை வெளியே நகலெடுத்த பிறகு கடைக்குக் கொடுங்கள். நீங்களே செய்ய முடியாவிட்டால், "முதலில் கோப்புகளை எடுத்துக் கொடுங்கள், எங்களைக் கேட்காமல் ஃபார்மேட் போடாதீர்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். தவறி 'இரேஸ் டிஸ்க்' கொடுத்துவிட்டால் உடனே கணினியை அணைத்துவிடுங்கள். அதன்மேல் புதிதாக எதுவும் எழுதப்படாத வரை, விவரம் தெரிந்தவர்களால் ஓரளவு மீட்க வாய்ப்புண்டு.

வெள்ளிமலையிலிருந்து சமவெளிக்கு இறங்கி வந்து கணினியைப் பழுது பார்க்கும் மாணவருக்கு அது ஒரு நாள் அலைச்சல், ஒரு நாள் கூலிச் செலவு. ஊருக்கு ஒருவர் இதைக் கற்று, ஒரு பென்டிரைவைத் தயாராக வைத்திருந்தால் அந்த அலைச்சல் பலருக்கும் மிச்சமாகும். உங்கள் ஊரில் அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாமே!