பத்து கிலோமீட்டர்தானே?

தீபாவளி முடிந்து சில வாரங்கள் கழித்து வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. பிரித்துப் பார்த்த என் மனைவி, ஒன்றும் பேசாமல் அதைச் சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். வேகச் சம்மன். கோலாலம்பூரிலிருந்து சுங்கை பட்டாணிக்கு, அம்மா வீட்டுக்குப் போன நாளின் தேதி. வேக வரம்பு 110. என் கார் போனது 124. அபராதம் 150 வெள்ளி.

"நான் 120ஐத் தாண்டவே இல்லை. கேமராவில்தான் ஏதோ கோளாறு" என்றேன். மனைவி சிரிக்கவில்லை.

அன்று மாலை மாமாக் கடையில் மச்சானிடம் புலம்பினேன். அவருக்கு இதில் ஒரு கணக்கு உண்டு. "பத்து விழுக்காடு விட்டுருவாங்க. 121 வரைக்கும் கவலையே இல்லை." பக்கத்து மேசை நண்பர், "இல்லை, 130 வரைக்கும் பிடிக்க மாட்டாங்க" என்றார். இன்னொருவர், கேமரா வரும் இடம் கைப்பேசியிலேயே தெரிகிறது, அங்கே மட்டும் பிரேக்கைத் தொட்டால் போதும் என்றார். ஆளுக்கொரு கணக்கு. எந்தக் கணக்கும் அறிவிப்புப் பலகையில் இல்லை. அங்கே இருப்பது 110 மட்டும்தான்.

"எவ்வளவு தாண்டினால் பிடிப்பார்கள்?" என்பது நம் ஊரில் மட்டும் கேட்கும் கேள்வி அல்ல. ஜெர்மனியில் கேமரா காட்டும் வேகத்தில் 100 வரை 3 கிலோமீட்டரையும், அதற்கு மேல் 3 விழுக்காட்டையும் கழித்துவிட்டுத்தான் அபராதம் போடுகிறார்கள். பிரான்சில் அது 5 கிலோமீட்டர், 100க்கு மேல் 5 விழுக்காடு. பிரிட்டனில் போலீசாருக்கான வழிகாட்டியில் வரம்போடு 10 விழுக்காடும் 2 மைலும் சேர்த்த பிறகே நடவடிக்கை என்று இருக்கிறது. 30 மைல் சாலையில் அது 35.

ஜெர்மனியும் பிரான்சும் கழிக்கும் அந்தச் சிறு அளவு எதற்காக? அளக்கும் கருவி கொஞ்சம் முன்பின் காட்டக்கூடும், அதனால் குற்றம் செய்யாதவர் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக. அது கருவிக்குக் கொடுத்த சலுகை. நாம் அதை ஓட்டுநருக்குக் கொடுத்த சலுகையாக எடுத்துக்கொள்கிறோம்.

மீட்டர் விஷயமும் அப்படித்தான். கார் மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. 10 விழுக்காடும் 4 கிலோமீட்டரும் வரை கூடுதலாகக் காட்டலாம் என்கிறது ஐக்கிய நாடுகளின் வாகன விதி 39. மீட்டரில் 110 என்றால் உண்மையில் 105 ஆகக்கூட இருக்கலாம். "மீட்டர் எப்படியும் கூட்டித்தான் காட்டுது" என்று பலர் இன்னும் கொஞ்சம் மிதிப்பது இதை நம்பித்தான்.

இதைப் படித்தபோதுதான் என் வாதம் என் மீதே திரும்பியது. டயரை நான் மாற்றவில்லை. கேமரா 124 என்று பதிந்திருந்தால், என் மீட்டர் 130ஐ ஒட்டிக் காட்டியிருக்க வேண்டும். 120ஐத் தாண்டவில்லை என்று நான் சொன்னது பொய் இல்லை. நான் மீட்டரைப் பார்க்கவே இல்லை. பாட்டு ஓடியது, பாதை காலியாக இருந்தது, கால் தானாக அழுத்தியது. பத்து தாண்டலாம் என்று மனம் முடிவு செய்துவிட்டால், அந்தப் பத்து எப்போது இருபதானது என்பது தெரிவதில்லை.

இதுவரை சொன்னது போகும்போது நடந்தது. திரும்பும்போது நடந்ததற்குச் சம்மன் எதுவும் வரவில்லை.

அம்மாவையும் அழைத்துக்கொண்டு கோலாலம்பூர் திரும்பினோம். பின் இருக்கையில் அம்மா, பக்கத்தில் என் மகள். ஈப்போ தாண்டியதும் அம்மா சொன்னார்: "எவ்வளவு நேரம்தான் இந்தக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்றது? மெதுவா போய்யா." கொஞ்சம் கடுப்போடுதான் 110க்கு இறக்கினேன். சிலிம் ரிவர் தாண்டி ஒரு வளைவு. திரும்பினால், எதிரே சிவப்பு விளக்குகளாக நின்றுகொண்டிருக்கும் வரிசை. பிரேக்கை முழுசாக மிதித்தேன். அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கு டின் முன்னால் பறந்து வந்து விழுந்தது. கார் நின்றபோது, முன்னால் இருந்த லாரிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மோட்டார் சைக்கிள் நிறுத்தும் அளவுதான் இடம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சம்மன் வந்த இரவு அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காய்ந்த சாலை, நல்ல பிரேக், ஆபத்தைப் பார்த்து மிதிக்க ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்வோம். 110இல் அந்த ஒன்றரை விநாடியிலேயே கார் 46 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 67 மீட்டர். மொத்தம் 113. அதே கார் 120இல் வந்தால் 129 மீட்டர் வேண்டும்.

பதினாறு மீட்டர்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் 110இல் வந்த கார் முழுவதும் நின்றுவிட்ட அதே இடத்தை, 120இல் வந்த கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர். வேகம் கூடும்போது பிரேக் பிடித்து நிற்கும் தூரம் அதன் வர்க்கமாகக் கூடுகிறது, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அதனால் அந்தக் கூடுதல் பத்து கிலோமீட்டர், லாரியின் பின்பக்கத்தில் 55ஆக மோதுகிறது. பின் இருக்கையில் என் அம்மாவும் மகளும். மழை பெய்திருந்தால் இன்னும் மோசம்.

அந்தப் பத்து கிலோமீட்டரால் கிடைக்கும் லாபம் என்ன? ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். நிற்காமல் 110இல் போனால் 109 நிமிடம். 120இல் போனால் 100. ஒன்பது நிமிடம். பெருநாள் காலத்தில் தாப்பா ஓய்விடத்தின் கழிப்பறை வரிசையிலேயே அது கரைந்துவிடும்.

நம் நாட்டில் தானியங்கிக் கேமராக்கள் 2012இல் வந்தன. அன்றிலிருந்து அவை எங்கே இருக்கின்றன என்பதை மனப்பாடம் செய்துவிட்டோம். எதிரே போலீஸ் நின்றால் விளக்கு அடித்துச் சொல்வதை உதவியாகவும் நினைக்கிறோம். இரண்டு இடங்களுக்கு இடையே சராசரி வேகத்தை அளக்கும் முறை வந்தால் இந்த விளையாட்டு செல்லாது. இத்தாலியில் 2005இலிருந்தே அது இருக்கிறது.

சம்மனைக் கட்டிவிட்டேன். இப்போது ஊருக்குக் கிளம்பும்போது இரண்டு விஷயம் செய்கிறேன். கால் மணி நேரம் முன்னதாகவே காரை எடுக்கிறேன். நெடுஞ்சாலையில் ஏறியதும் மீட்டரில் 105 வந்தவுடன் குரூஸ் கண்ட்ரோலைப் போட்டுவிடுகிறேன். கால் செய்யும் தந்திரம் அதற்குத் தெரியாது. இடது தடத்தில் போகும்போது பின்னால் யாரும் விளக்கு அடிப்பதும் இல்லை.

போன மாதம் மச்சான் காரில் நாங்கள் எல்லோரும் போனோம். அம்மா பின்னால் இருந்து கேட்டார்: "எத்தனையில போறீங்க, மாப்பிள்ளை?" மச்சான் மீட்டரைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை, காலை மட்டும் கொஞ்சம் எடுத்தார். அடுத்த கேமராவுக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது.