சித்திரையில் குடிபுகுந்தோம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்பது பழமொழி. கட்டிய வீட்டில் குடியிருந்தும் பார் என்று அதனோடு சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் அனுபவம்.

பெரியகுளம் வட்டத்தில், வராக நதிக்கரையில் உள்ள ஜெயமங்கலம் எங்கள் ஊர். அப்பா விவசாயக் கூலி. மண்சுவரும் கீற்றுக் கூரையுமாக இருந்த வீட்டைப் பிரித்துவிட்டு, அரசு மானியத்தோடு கடனும் வாங்கி, முந்நூறு சதுர அடியில் ஒரு காங்கிரீட் வீடு கட்டினார். பங்குனியில் குடிபுகக் கூடாது என்று சித்திரை பிறக்கும்வரை காத்திருந்து பால் காய்ச்சினோம். அன்று இரவே அப்பத்தா பாயைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்கு வந்துவிட்டார். “அடுப்புக்குள்ள படுக்கச் சொல்றியேடா!” என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவரும் கயிற்றுக் கட்டிலை வேப்ப மரத்தடியில் போட்டுக்கொண்டார். கடன்பட்டுக் கட்டிய வீட்டில் படுக்க முடியவில்லையே என்ற வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது.

ஐரோப்பாவில் வசந்தம் என்பது குளிர் விடைபெறும் காலம். நம் இளவேனிலோ சித்திரையும் வைகாசியும் ஆகும். ஜெயமங்கலம் ஏறத்தாழ பத்துப் பாகை வட அட்சத்தில் உள்ளது. வடக்கு நோக்கி நகரும் கதிரவன் ஏப்ரல் நடுவில், அதாவது சித்திரை பிறந்த சில நாட்களில், நண்பகலில் எங்கள் தலைக்கு நேர் மேலே நிற்கிறான். கதிர்கள் செங்குத்தாக விழுவதால், சுவரைவிடக் கூரையே மிகுதியாகச் சூடேறுகிறது. நல்ல மாதம் பார்த்து நாங்கள் குடிபுகுந்த நாளும் அதுவே!

விடுமுறையில் நண்பர்களைக் காணப் புறப்பட்டேன். தேனியிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயிலில் சென்றேன். 1928-இல் தொடங்கிய இந்த மதுரை–போடி வழித்தடம் அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் மூடப்பட்டு, 2022-இல் தேனி வரையும் 2023-இல் போடி வரையும் மீண்டும் திறக்கப்பட்டது. போடி நண்பனின் வீடு அவன் தாத்தா காலத்து மெத்தை வீடு. தேக்குச் சட்டங்களின்மேல் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி இடித்து, மேலே தட்டோடு பதித்த ‘மெட்ராஸ் டெரஸ்’ கூரை. பிற்பகலிலும் உள்ளே இதமாக இருந்தது.

அங்கிருந்து பஸ்ஸில் கம்பம் சென்றேன். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீரால் செழித்த பள்ளத்தாக்கு அது. பன்னீர் திராட்சைத் தோட்டத்தின் ஓரத்தில் இருந்த இன்னொரு நண்பனின் வீடு, எங்கள் வீட்டைப் போன்றே காங்கிரீட் தளம். ஆனால் இரவில் எல்லோரும் உள்ளேதான் படுத்தோம். காலையில் மாடி ஏறிப் பார்த்தேன். தளம் முழுவதும் வெள்ளைச் சுண்ணாம்பு!

திரும்பும் வழியில் மனக்கணக்குப் போட்டேன். முந்நூறு சதுர அடித் தளம் ஐந்து அங்குலக் கனம் என்றால் அதன் எடை எட்டு டன்னுக்கு மேல். பகலெல்லாம் எட்டு டன் கல்லைக் காய வைத்து இரவில் அதன் கீழே படுத்தால் என்ன ஆகும்? தளத்தின் மேற்புறச் சூடு அடிப்புறத்தை எட்ட மூன்று, நான்கு மணி நேரம் ஆகிறது. தேங்கிய வெப்பம் வெயில் தாழ்ந்த பிறகும் நெடுநேரம் கதிர்வீச்சாகக் கீழே இறங்குகிறது. மின்விசிறி அந்தச் சூட்டுக் காற்றைத்தான் சுழற்றுகிறது. கீற்றுக் கூரையோ எடையற்றது; ஆகையால் வெப்பத்தைத் தேக்குவதில்லை. இடுக்குகளில் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதும் இல்லை. மெத்தை வீட்டின் செங்கல், காங்கிரீட்டில் ஏறத்தாழப் பாதி அளவே வெப்பம் கடத்தும், கனமும் மிகுதி.

கூரையை மாற்ற எங்களிடம் பணம் இல்லை. ஆனால் வெப்பம் நுழையும் முன்பே அதைத் திருப்பி அனுப்பலாம் அல்லவா? சிமெண்டின் சாம்பல் நிறம் வெயிலில் பாதிக்கு மேல் உறிஞ்சும். புதிய வெள்ளைப் பூச்சோ பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, பசை கலந்து, மாடியில் இரண்டு பூச்சு அடித்தோம். நண்பகலில் ஜன்னல்களை மூடி, இரவில் எதிரெதிராகத் திறந்து வைத்தோம்.

வீடு ஊட்டியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மழையில் சுண்ணாம்பு கரையும். ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். ஆனால் நான்காம் நாள் அப்பத்தா பாயுடன் உள்ளே வந்தார். அப்பாவின் கட்டிலும் வந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். “இதெல்லாம் புத்தகத்துல இருக்கா?” என்று அப்பா கேட்டார். இருக்கிறது என்றேன். நண்பர்களே, வெப்பக் கதிர்வீச்சுப் பாடத்தைத் தேர்வுக்காகப் படித்தோம். இனி நம் வீட்டுக் கூரைக்காகவும் ஒருமுறை படிப்போம்.