உங்களுக்குத் தெரியுமா? இருட்டறை முதல் இங்க்ஜெட் வரை

முதல் டிஜிட்டல் கேமரா பிறந்தது பிலிம் விற்றுப் பிழைத்த கோடக் கம்பெனியில்தான். 1975ல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் இன்ஜினியர் அதைச் செய்தார். எடை சுமார் 3.6 கிலோ. ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கேசட் டேப்பில் பதிய 23 விநாடி ஆகும். அதில் இருந்த புள்ளிகள் வெறும் 10,000.

போட்டோஷாப்பில் ஓர் இடத்தை வெளுப்பாக்கும் ‘டாட்ஜ்’ டூலுக்குக் குச்சிமிட்டாய் போல ஒரு சின்னம் இருக்கிறதே, அது பிலிமிலிருந்து பிரிண்ட் போடும் இருட்டறையிலிருந்து வந்தது. படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரின் வெளிச்சம் பேப்பரில் விழும் பத்துப் பதினைந்து விநாடிக்குள், கம்பி நுனியில் ஒட்டிய வட்ட அட்டையை முகத்துக்கு நேராகப் பிடித்து ஆட்டுவார்கள். நிழல் பட்ட இடம் கறுத்துப்போகாமல் தப்பும். கை அசையாமல் நின்றுவிட்டால் அட்டையின் வட்டம் முகத்திலேயே பதிந்துவிடும், பேப்பர் வீண். பக்கத்திலுள்ள, ஓர் இடத்தைக் கறுப்பாக்கும் ‘பர்ன்’ டூலின் சின்னம், வெளிச்சத்தை ஓட்டை வழியே மட்டும் விடும் குவித்த கை. போட்டோஷாப்பை உருவாக்கிய தாமஸ், ஜான் நோல் சகோதரர்களின் அப்பா வீட்டு நிலவறையில் ஓர் இருட்டறை வைத்திருந்தார் என்பது தெரிந்தால் இதெல்லாம் சட்டென்று விளங்கும்.

கறுப்பு வெள்ளை பேப்பருக்குச் சிவப்பு வெளிச்சம் உறைக்காது. இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிவது அதனால்தான். கலர் பேப்பருக்கு எல்லா நிறமும் உறைக்கும். கும்மிருட்டில் தடவித் தடவித்தான் வேலை. வீட்டில் கலர் பிரிண்ட் போட்டவர்கள் குறைவாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரிண்ட்டை நிலைப்படுத்தும் ரசாயனமான ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் கண்டது 1819ல். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839ல்! பயன்படுத்திய ஹைப்போவிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கவும் முடியும்.

ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967ல் உற்பத்தி தொடங்கியது. ‘இந்து’ பிலிம், பேப்பர், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் அங்கே தயாரானவை. ஆலை பின்னர் மூடப்பட்டது. நீலகிரிக் குளிரில் ஆண்டாண்டாகச் சேர்ந்த அந்தக் கைத்தேர்ச்சி கலைந்துபோனதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இங்க்ஜெட்டில் தரமான போட்டோ பிரிண்ட் போடலாம் என்று காட்டியவர்களில் ஒருவர், பாடகர் கிரஹாம் நாஷ். 1,26,000 டாலருக்கு ஐரிஸ் என்ற இங்க்ஜெட் பிரிண்டர் ஒன்றை வாங்கி, 1991ல் கலிபோர்னியாவில் பிரிண்ட் கூடமே திறந்தார். அந்த பிரிண்டர் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நாலுக்கு ஆறு அங்குல பிரிண்ட் தெளிவாக வர 1800க்கு 1200, அதாவது சுமார் 22 லட்சம் புள்ளி போதும். ஆனால் வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தை எடுக்காதீர்கள், கேமராவிலிருந்த மூலப் படத்தையே எடுங்கள். வெயிலும் காற்றும் டை இங்க்கைச் சீக்கிரம் வெளுக்கவைக்கும். பிக்மென்ட் இங்க் நெடுநாள் தாங்கும். பிரிண்ட்டை ஒரு நாளாவது உலரவிட்டுக் கண்ணாடி போடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஆவி படியும்.

இருட்டறையில் முழு பேப்பரைத் தொடும் முன் ஒரு கீற்றுப் பேப்பரில் டெஸ்ட் ஸ்டிரிப் போட்டுப் பார்ப்பார்கள். வீட்டு பிரிண்டரிலும் அதையே செய்யுங்கள்: முகம் இருக்கும் பகுதியை மட்டும் சிறு துண்டில் அடித்து, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து நிறம் பாருங்கள்.